இன்னாசிக்கு ஒரு பேப்பர் பாக்கி

தேரிக்காட்டுச் செம்மணல் கடலைப் பார்த்து நகர்ந்து நகர்ந்து வந்து, கடலுக்கு ஒரு மைல் இருக்கும்போது என்ன நினைத்ததோ நின்றுவிட்ட இடத்தில் எங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு ஐம்பது வயதாகிறது, அதன் ஆண்கள் கால்பந்து அணிக்கும் ஐம்பது வயதாகிறது, பொன்விழா மலருக்கு அணியின் வரலாற்றை நாலு பக்கத்தில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள், ஏனென்றால் நான் ஒரு காலத்தில் அந்த அணியில் ஆடியவன், இப்போது தமிழ்த்துறையில் இருப்பவன், ஆடினதற்கு எழுதுவது பரவாயில்லை என்று பெயர் வாங்கியவன். நானும் உட்கார்ந்து எழுதினேன். கேப்டன்கள் மாறினார்கள், கோச்சுகள் மாறினார்கள், பனியனின் நிறம் பச்சையிலிருந்து நீலமாகி, நீலத்திலிருந்து வெள்ளையாகி, தேரிமண் பட்டால் எந்த நிறமும் கடைசியில் செங்கல் நிறம்தான் என்று தெரிந்த பிறகு செங்கல் நிறத்திலேயே தைக்கப்பட்டது. கோல் கீப்பர் மட்டும் மாறவில்லை. பன்னிரண்டாவது வருஷத்திலிருந்து அந்த இடத்தில் ஒரே பெயர்தான்: புன்னைத்துறை இன்னாசி, எம்.ஏ. பொருளாதாரம், இரண்டாம் ஆண்டு, வயது இருபத்திரண்டு.

மலர்க்குழுவில் ஒருவரும் இது அச்சுப்பிழையா என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் பதினோரு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, தோற்றார்கள். எங்களோடு ஆட வருகிற அணிகள், ஆட்டம் எப்படியும் கைக்குள் இருக்கிறது, அப்படியே திருச்செந்தூருக்கும் ஒரு எட்டு போய்விட்டு வரலாம் என்று குடும்பத்தோடு வந்தன. அப்படி இருந்தபோதுதான் இன்னாசி வந்தான். வள்ளத்திலிருந்து கரைக்குத் தூக்கிப் போடுகிற சீலாமீனை ஒற்றைக் கையில் வாங்கிப் பழகினவன், பந்தையும் அப்படியே வாங்கினான். முதல் மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட விழவில்லை என்றதும் ஊரே மைதானத்துக்கு வந்து நின்றது. ஒரே ஒரு குறை. அவனுடைய இடது பக்கம், தரையோடு ஒட்டி, கம்பத்தின் அடியைப் பார்த்து வருகிற பந்து அவனுக்கு எட்டாது. பாய்வான், விழுவான், விரலுக்கும் பந்துக்கும் ஒரு விரற்கடை மிச்சம் இருக்கும். போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள்.

படிப்பில் அவன் சுமார்தான். புள்ளியியல் என்ற பேப்பர் வேப்பங்காயாக இருந்தது. கூடப் படித்த பிரகாசி என்ற பெண் நூலகத்துக்குப் பின்னால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். சராசரி என்றால் என்ன, விலக்கம் என்றால் என்ன என்று அவள் மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டுவாள், அவன் மண்ணைப் பார்க்காமல் அவளைப் பார்ப்பான், அவள் குச்சியால் அவன் கையில் ஒன்று போடுவாள். இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரியும். இன்னாசியின் அப்பா மறுத்துப் பேசவில்லை, ஒரே வார்த்தை சொன்னார்: "மொதல்ல படிப்ப முடிலே. கல்யாணம், வயசு, வாழ்க்கை எல்லாம் அதுக்குப் பொறவு."

எல்லா வீட்டிலும் எல்லாத் தகப்பன்மாரும் சொல்லுகிற பேச்சுதான் அது. இன்னாசி விஷயத்தில் மட்டும் அதை யாரோ நிஜமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் புள்ளியியல் தேர்வு நடந்த காலையிலேயே எங்கள் மைதானத்தில் தென்மண்டல அரையிறுதியும் நடந்தது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போய், பெனால்டி வரை வந்து, இன்னாசி இரண்டைப் பிடித்து, அணி முதல்முறையாக இறுதிக்குப் போனது. அவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தேர்வு அறைக்கு ஓடினான், பாதி நேரம் போயிருந்தது, தலையிலிருந்தும் கையிலிருந்தும் செம்மண் உதிர உதிர எழுதினான். ஐம்பது வாங்கினால் பாஸ். அவனுக்கு நாற்பத்தொன்பது வந்தது. அது நியாயமான நாற்பத்தொன்பது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த நாற்பத்தொன்பதுகள்தான் பேச்சுக்குரியவை.

அன்றோடு அவனுக்கு வயதாவது நின்றது. முதலில் கண்டுபிடித்தவர் பல்கலைக்கழக வாசலில் சலூன் வைத்திருந்த சேர்மக்கனி. மாதம் தவறாமல் வருகிற பையன் நாலைந்து மாதமாக வரவில்லையே என்று ஒருநாள் கூப்பிட்டு நிறுத்தினார்.

"என்னடே, வேற கடைக்குப் போறியோ?"

"இல்லண்ணாச்சி. முடி வளரல."

சேர்மக்கனி அவன் தாடையைத் தடவிப் பார்த்தார், விரல் நகத்தைப் பார்த்தார், அப்புறம் நாற்காலியில் பாதித் தலையோடு காத்திருந்தவரிடம் திரும்பிப் போனார். "படிச்சு முடிக்காதவனுக்கு வயசு எப்பிடி ஆவும்?" என்று அந்தத் தலையிடம் சொன்னார். அதற்கு மேல் விளக்கம் சொன்னவர் இதுவரை எங்கள் ஊரில் இல்லை, தேவைப்படவும் இல்லை.

பல்கலைக்கழகம் என்று இருந்தால் அது தன் கடமையைச் செய்யாமல் இருக்காது. விலங்கியல் துறை ரத்தம் எடுத்துப் பார்த்து, ஓ பாசிட்டிவ் என்று கண்டுபிடித்தது. எங்கள் தமிழ்த்துறை காயகல்பம் பற்றி ஒருநாள் கருத்தரங்கு வைத்து வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டது. சமூகவியலில் ஒரு பெண் அவனைப் பற்றி எம்.ஃபில். ஆய்வு எழுதிப் பட்டம் வாங்கி, கல்யாணமாகி, துபாய்க்குப் போனாள். பொருளாதாரத் துறையில் ஒவ்வொரு ஜூலையிலும் புதுப் பிள்ளைகளை வரவேற்கும்போது அவனுக்கும் ஒரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். முதலில் அவனுடைய ஆசிரியர்கள் ஓய்வு பெற்றார்கள், பிறகு அவனோடு படித்தவர்கள் ஆசிரியர்களானார்கள், பிறகு அவனுக்குப் பின்னால் வந்து படித்தவர்களின் பிள்ளைகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எந்தப் பாடத்தில் எந்த ஆசிரியர் எந்த நகைச்சுவையைச் சொல்வார் என்று அவனுக்குத் தெரியும், மரியாதைக்காக அந்தந்த இடத்தில் சரியாகச் சிரித்தான். அரியர் வைத்தவர்கள் இத்தனை வருஷத்துக்கு மேல் எழுதக் கூடாது என்று புது விதி வரும்போதெல்லாம், விளையாட்டு வீரர்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரியும் கூடவே வந்தது. எல்லோருக்கும் அவன் வேண்டியிருந்தான்.

வெளி அணிகள் சும்மா விடவில்லை. பல்கலைக்கழகப் போட்டியில் இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆடக் கூடாது, இவனுடைய ஞானஸ்நானச் சான்றிதழைப் பாருங்கள், இவன் என் மாமனார் வயது என்று ஒரு கோச் கத்தினார். போட்டிக் குழு அவனைப் படுக்கவைத்து மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தது. எலும்பு இருபத்திரண்டு என்றது. காகிதம் பொய் சொல்லும், எலும்பு சொல்லாது என்று தீர்ப்பானது. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே கோச் வருவார், அதே எக்ஸ்ரே எடுப்பார்கள், கடைசியில் அவர் எக்ஸ்ரே அறைக்கு வெளியே இன்னாசிக்கு டீ வாங்கிக் கொடுக்கிற அளவுக்குப் பழகிவிட்டார்.

ஆனால் ஒரு விஷயம் எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. வயது ஏறாத உடம்பில் அனுபவமும் ஏறாது. முதல் வருஷம் எவ்வளவு நல்ல கீப்பராக இருந்தானோ அவ்வளவு நல்ல கீப்பராகவே இருந்தான். முட்டியில் அடிபட்டால் மறுநாள் காலையில் தழும்பு இருக்காது, தழும்போடு சேர்ந்து பாடமும் இருக்காது. இடது மூலையில் அந்த ஒரு விரற்கடை அப்படியே இருந்தது. அது தென்னிந்தியா முழுக்கத் தெரிந்துபோனது. எனவே எங்கள் அணி தன் ஆட்டத்தையே அந்த மூலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் எப்போதும் நிற்பான், பந்து எங்கே போனாலும் அவன் போகக் கூடாது, அந்த இடத்துக்கு இன்னாசி ஓரம் என்று பெயர். நான் ஆடின இரண்டு வருஷமும் அங்கேதான் நின்றேன். கால்பந்து என்றால் எனக்கு அந்தக் கம்பமும், முதுகுக்குப் பின்னால் "நகராதடே, நகராதடே" என்ற அவன் குரலும்தான். பத்துப் பேரோடு ஆடி, ஒருவனைக் காவலுக்கு நிறுத்தி, எத்தனையோ முறை அகில இந்திய இறுதிக்குப் போயிருக்கிறோம். ஒருமுறையும் ஜெயித்ததில்லை. பெனால்டி அடிக்கும்போது இன்னாசி ஓரத்தில் ஆள் நிறுத்த விதியில் இடமில்லை.

ஜெயிக்கவில்லை என்பதால்தான் ஆசை விடவில்லை. இந்த ஒரு வருஷம் மட்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்தார்கள். விடைத்தாளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும், ஆனாலும் திருத்துகிறவர் தாளைப் பிரித்து லேசாக உதறுவார், மேஜையில் செம்மண் உதிரும், உதிர்ந்ததும் பேனா தானாக நாற்பத்தொன்பதில் போய் நின்றுவிடும். யாரும் யாரிடமும் சொல்லிச் செய்ததில்லை. ஒருவர் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. பிரியத்தில் செய்கிற காரியத்துக்கு இன்னார்தான் செய்தார் என்று ஆள் தேட முடியாது, எல்லோரும் செய்தார்கள்.

இன்னாசியின் ஊரான புன்னைத்துறைக்கு வந்த சங்கடம் வேறு மாதிரி. அவனுக்கு எட்டு வயது இளையவன் கஸ்பார் என்று ஒரு தம்பி. படிப்பு ஏறவில்லை, அப்பாவோடு கடலுக்குப் போனான், வளர்ந்தான், அண்ணனின் வயதைத் தொட்டான், தாண்டினான். அவனுக்குப் பெண் பார்க்கலாம் என்றால், மூத்தவன் கட்டாமல் இளையவன் கட்டுவது எங்கள் கடற்கரையில் வழக்கமில்லை. பெண் வீட்டார் வந்து வந்து திரும்பினார்கள். கடைசியில் பங்குச்சாமியிடம் வழக்குப் போனது. சாமி இரண்டு பேரையும் நிற்கவைத்து, முகத்தைப் பார்த்து, கொஞ்சநேரம் யோசித்து, இனி கஸ்பார்தான் மூத்தவன், இன்னாசி இளையவன் என்று பூசையில் அறிவித்துவிட்டார். ஊர் அதை ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து இன்னாசி தன் தம்பியை "அண்ணே" என்று கூப்பிட்டான், கஸ்பார் தன் அண்ணனை "ஏலே இன்னாசி" என்று கூப்பிட்டான், கஸ்பாருக்குப் பிறந்த பிள்ளைகள் பெரியப்பாவைச் "சித்தப்பா" என்றார்கள். முதலில் கேலிக்காகக் கூப்பிட்டது, பிறகு வாய்க்குப் பழகிவிட்டது.

பிரகாசி இரண்டு வருஷம் காத்திருந்தாள். மூன்றாவது வருஷம் ஒரு வங்கி ஊழியரைக் கட்டிக்கொண்டாள். யார் அவளைக் குறை சொல்ல முடியும். நல்ல மனிதர், ஒரு மகள், மகளுக்கும் கல்யாணமாகிவிட்டது. அவள் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளராகி, பேராசிரியராகி, தேர்வாணையராகி, மூக்குக்கண்ணாடியும் நரையுமாக வராந்தாவில் வேகவேகமாக நடந்தாள். பிள்ளைகள் இருக்கும்போது இன்னாசி அவளை "மேடம்" என்பான், யாரும் இல்லாவிட்டால் இரண்டு பேரும் பேசாமல் போவார்கள். ஒருநாள் வராந்தாவில் கூட்டம், அவளுக்கு அவசரம், முன்னால் நின்ற பையனின் முதுகைத் தொட்டு, "தம்பி, கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். அவன் திரும்பினான். "சரி மேடம்" என்று ஒதுங்கி நின்றான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

போன வருஷம் கஸ்பார் இறந்துபோனான். வலையை இழுத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அவ்வளவுதான். நாங்கள் அணியோடு பஸ்ஸில் போயிருந்தோம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற இன்னாசியைப் பார்த்துத் துக்கத்துக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர், "அப்பாவாப்பா?" என்று கேட்டார். இன்னாசி அவரைப் பார்த்தான். இத்தனை வருஷம் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டவன், பெட்டியின் மேல் விழுந்து, "எந் தம்பி. எந் தம்பி செத்துட்டான்" என்று அழுதான். கஸ்பாரின் மகன் அருள்தாசு ஓடிவந்து தூக்கினான். அவனுக்கு அப்போது இருபத்திமூன்று வயது, தூக்கப்பட்டவனைவிட ஒரு வயது கூடுதல்.

மறு வாரம் இன்னாசி தேர்வாணையர் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றான். நான் அங்கே வேறு வேலையாக இருந்தேன், எழுந்து போகலாமா என்று யோசிப்பதற்குள் அவன் பேசிவிட்டான்.

"பிரகாசி, எனக்கு வயசாகணும்."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "அதுக்கு நான் என்ன செய்ய? படி."

"படிக்கத்தான் செய்யேன். நீ சொல்லிக்குடுத்ததெல்லாம் நேத்துச் சொன்ன மாதிரி அப்பிடியே இருக்கு. ஆனா நாப்பத்தொம்பதுதான போடுதாங்க." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஒவ்வொருத்தரா போயிட்டே இருக்கீங்க. நான் மட்டும் கோல்போஸ்ட்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். எனக்குப் பயமா இருக்கு."

பிரகாசி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு கோப்பைப் பிரித்தாள். அவளும் அந்த மாதத்தோடு சேர்த்துப் பத்து மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவள். கோப்பைப் பார்த்துக் குனிந்தபடியே, எங்கள் அணியின் வரலாற்றையே மாற்றிய இரண்டு வார்த்தையைச் சொன்னாள்.

"குளிச்சிட்டு வா."

தேர்வுக்கு முந்தின வாரம் முழுக்க இன்னாசி மைதானத்துக்கு வரவில்லை. பாதம் இழுத்துக்கொண்டது என்றான். எங்கள் உடற்கல்வி இயக்குநர் மாசிலாமணி சார் பதறிப்போய்த் தைலம் கொடுத்தனுப்பினார். தேர்வன்று காலையில் இன்னாசி பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துக் குளித்தான், காது மடலுக்குப் பின்னாலும் நகக்கண்ணிலும் இத்தனை வருஷம் குடியிருந்த மண்ணை எடுத்தான், விடுதிக் குளியலறைத் தண்ணீர் சிவப்பாகப் போனது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பிரகாசி குச்சியால் போட்டுக் காட்டின சராசரியையும் விலக்கத்தையும் ஒன்றுவிடாமல் எழுதினான். பாடத்திட்டம் எத்தனையோ முறை மாறிவிட்டது, சராசரி மாறவில்லை.

விடைத்தாள் திருத்துகிற நாளில் பேராசிரியர்கள் வழக்கம்போல ஒவ்வொரு தாளாக உதறினார்கள். ஒன்றிலிருந்து செம்மண் உதிர்ந்தது. நிம்மதியாக அதற்கு நாற்பத்தொன்பது போட்டார்கள். அது எங்கள் ஃபார்வர்டு ஜெர்சனுடைய தாள், பயிற்சி முடிந்து கைகூடக் கழுவாமல் போய் எழுதியிருக்கிறான் பாவி. மறுமதிப்பீட்டில் அவனுக்கு அறுபத்தொன்று வந்தது வேறு கதை. மண் இல்லாத தாள்களுக்கு உள்ளே என்ன இருந்ததோ அதற்கு மார்க் போட்டார்கள். இன்னாசிக்கு ஐம்பத்துமூன்று.

எண்களைப் பெயர்களோடு சேர்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வருஷம் அகில இந்திய இறுதி எங்கள் மைதானத்திலேயே வைத்திருந்தார்கள், தேர்வு முடிவு வரவேண்டிய அதே நாளில் சாயங்காலம். மாசிலாமணி சார் தேர்வாணையர் அறைக்கு ஓடினார். பின்னாலேயே துறைத்தலைவர்கள், விடுதிக் காப்பாளர், மெஸ் சமையல்காரர்கள், கடைசியில் துணைவேந்தரும் வந்து வாசலில் நின்றார்கள்.

"மேடம், ரெண்டே ரெண்டு நாள் தள்ளி வைங்க. கப்பை வாங்கிட்டா அவனுக்குத் தங்கத்தால டிகிரி குடுப்போம்" என்றார் மாசிலாமணி சார்.

"டி.சி. வாங்குற வரைக்கும் அவன் நம்ம மாணவன்தான சார். ஆடட்டும்."

"அதில்ல மேடம். அம்புட்டு வயசும் ஒரேயடியா வந்து எறங்கிருச்சின்னா? கெழவன வச்சு எப்பிடி ஃபைனல் ஆட?"

"அது அவனுக்குத் தெரியாதுன்னு நெனைக்கீங்களா? தெரிஞ்சுதான் எழுதியிருக்கான்."

"இந்த ஒரு மேட்ச் மட்டும்."

பிரகாசி அவரைக் கோபத்தோடு பார்க்கவில்லை, களைப்போடு பார்த்தாள். "நானும் மார்க்கு மாடரேஷன் கூட்டத்துல எத்தனையோ வருசம் உக்காந்திருக்கேன் சார். எல்லா வருசமும் அந்த ஒரு மேட்ச்தான்" என்றாள். காலை பத்து மணிக்கு முடிவைப் பலகையில் ஒட்டச் சொன்னாள்.

சாயங்காலம் மைதானம் கொள்ளாத கூட்டம். கால்பந்து பார்க்க வந்தவர்களைவிட இன்னாசியைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். சுகாதார மையத்திலிருந்து சக்கர நாற்காலி வந்திருந்தது. புன்னைத்துறைப் பங்குச்சாமி சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தைப் பூசுதல் செய்கிற எண்ணெயோடு வந்து, அது தெரியாமல் இருக்கக் கைக்குட்டையால் மூடி வைத்திருந்தார். எழுபதைத் தாண்டிய சேர்மக்கனி, எப்போது தாடி வளரும் என்று தெரியாதே என்று கத்தியும் கிண்ணமுமாகக் கோல்போஸ்டுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாற்று கீப்பர் இரண்டு பேர் ஓரத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். இன்னாசி உள்ளே வந்து கம்பத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான், முகம் இருபத்திரண்டாகவே இருந்தது. பாதி ஆட்டத்திலும் அப்படியே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லையே என்று கூட்டத்தில் சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கோல் எதுவும் விழாமல் பெனால்டிக்கு வந்தார்கள். எதிரணியின் முதல் பையன் வந்தான், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் அடித்தான், இன்னாசி இடது பக்கம் பாய்ந்தான், ஒரு விரற்கடை, பந்து உள்ளே. அவன் எழுந்து மண்ணைத் தட்டாமல் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வந்தவர்களில் ஒருவன் மேலே அடித்தான், ஒருவனை இன்னாசி பிடித்தான், எங்கள் பக்கத்தில் மூன்று வீணாய்ப் போயின. கடைசி உதை எதிரணிக்கு. உள்ளே போனால் கப் அவர்களுக்கு.

அந்தப் பையன் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது இன்னாசி ஒரு காரியம் செய்தான். அரை அடி இடது பக்கம் நகர்ந்து நின்றான். அவ்வளவுதான். ஆனால் நான் இரண்டு வருஷம் அவன் முன்னால் நின்றவன், மற்றவர்கள் அதற்கு முன்னும் பின்னும் நின்றவர்கள், அவன் அப்படி நகர்ந்து எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. பக்கத்திலிருந்த பழைய ஆட்டக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பந்து தரையோடு இடது மூலைக்கு வந்தது. இன்னாசி பாய்ந்தான். விரல் பட்டது. நிஜமாகப் பட்டது, பந்து திசை மாறியதை எல்லோரும் பார்த்தோம். மாறின பந்து கம்பத்தில் மோதி உள்ளே போய்விட்டது.

தோற்றோம். எதிரணிப் பையன்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து கட்டிக்கொண்டார்கள், ஆனால் அவர்களுடைய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை, ஏனென்றால் எங்கள் கூட்டம் முழுக்க மைதானத்துக்குள் இறங்கியிருந்தது. "பட்டுச்சு, பட்டுச்சு" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். துணைவேந்தர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். மாசிலாமணி சார் அழுதுகொண்டே, "முதல் உதையில கத்துக்கிட்டாம்லா, அஞ்சாவதுல பண்ணிட்டாம்லா" என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். கப்பை வாங்கின பிள்ளைகள் இந்த ஊருக்கு என்ன பைத்தியமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் ஜெயித்திருந்தால் இருந்திருக்காது என்று இன்றும் சொல்லுவேன்.

மறுநாள் காலையில் இன்னாசியின் முட்டியில் பொருக்குத் தட்டியிருந்தது. அதைப் பார்க்க விடுதி வாசலில் வரிசை நின்றது. அதற்கு அடுத்த நாள் தாடையில் சொரசொரவென்று வந்திருந்தது. சேர்மக்கனி இத்தனை வருஷம் காத்திருந்த சவரத்தைச் செய்தார், கத்தி ஒரு இடத்தில் கீறிவிட்டது, ரத்தம் வந்தது. சேர்ந்து வந்த வயது எதுவும் இல்லை. நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு நாளாகத்தான் தொடங்கியிருந்தது.

வார முடிவில் அவன் டி.சி. வாங்கிக்கொண்டு புறப்பட்டபோது பிரகாசி வாசல் வரை வந்தாள். நாங்கள் எல்லோரும் இருந்தோம். அவனைக் கூட்டிப்போக அருள்தாசு பைக்கில் வந்து காத்திருந்தான், கரையில் கஸ்பாரின் வள்ளம் சும்மா கிடந்தது.

"இனி என்ன செய்யப் போற?" என்று கேட்டாள் பிரகாசி.

"தெரியல. மொதல்ல இருவத்திமூணு ஆவணும்."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். "ஒன் வயசுக்கு நான் வரும்போது நீ இருப்பியா?"

"இருக்க மாட்டேன்லா. கணக்குப் போட்டுப் பாரு, அதத்தான சொல்லிக்குடுத்தேன்." அவள் அவன் தாடையிலிருந்த கீறலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அது எப்பிடி இருக்கும்னு கேக்க அப்ப ஆளு இருக்காது, இப்பவே கேட்டுக்க. முட்டி வலிக்கும். தூக்கம் கொறையும். மத்தபடி நல்லாத்தான் இருக்கு, பயப்படாத."

அருள்தாசு வண்டியை உதைத்துக் கிளப்பினான். "ஏறுங்க பெரியப்பா" என்றான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் வாயில் அது தானாக வந்தது, இன்னாசி ஒரு நிமிஷம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் ஏறினான்.

"போயி வயசாயிட்டு வா" என்றாள் பிரகாசி.

பிள்ளைகள் இருந்தார்கள், பேராசிரியர்கள் இருந்தார்கள், துணைவேந்தர் இருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, மேடம் போடாமல், "வாரேன் பிரகாசி" என்றான் இன்னாசி.